பூட்டிய வீட்டுக்கு ஒரு வழி

போன வியாழக்கிழமை காலையில், பூட்டிக் கிடந்த ஒரு வீடு எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்து 'நான் இங்கே இருக்கிறேன்' என்றது.

பேய்க்கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது ரௌட்டர் கதை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று மத்தியானம் வரை எனக்கும் தெளிவாகத் தெரியவில்லை... அது வேறு விஷயம்.

வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — அமரவிளையில் கேபிள் டிவி லைன் போட்டுப் பிழைத்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். டிவி போய் இன்டர்நெட் வந்தபோது, கம்பி அதேதான், உள்ளே ஓடுகிற சரக்குதான் வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே ஓடுகிறதைப் பார்க்க ஷீபா இருக்கிறாள். பாறசாலைப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், இந்த வேலைக்கென்றே படித்தவள். பாறசாலை, ஆரியங்கோடு, கள்ளிக்காடு என்று ஊருக்கு ஒன்றாக நாங்கள் வைத்திருக்கிற பெட்டிகள் — அதுதான் ரௌட்டர் — அவள் சொன்னால் கேட்கும். நான் சொன்னால் கேட்காது.

அதுவரைக்கும் எந்தப் பெட்டி எந்த வழியாக எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதை ஷீபா கையால் எழுதி வைத்திருந்தாள். ஒரு லைன் அறுந்தால் எல்லாப் பெட்டியிலும் மாற்றி எழுத வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் லைன் அறுவதற்குக் கேட்கவா வேண்டும்? ரப்பர் மரம் சும்மா காற்றடித்தாலே சாயும். அதனால் வியாழக்கிழமை அவள் புது ஏற்பாடு ஒன்று போட்டாள். பெட்டிகளே ஒன்றோடொன்று பேசி வழி கண்டுபிடித்துக்கொள்ளுமாம். டிஸ்டன்ஸ் வெக்டர் என்று பெயர் சொன்னாள்.

"அப்பம் எல்லாப் பெட்டிக்கும் மேப் உண்டுமா?" என்று கேட்டேன்.

"மேப்பெல்லாம் கெடையாது அண்ணாச்சி. ஒவ்வொரு பெட்டியும் தனக்குத் தெரிஞ்ச ஊரையும் அதுக்க தூரத்தையும் பக்கத்துப் பெட்டிகிட்ட சொல்லும். அது தூரத்துல ஒண்ணு கூட்டி அடுத்த பெட்டிகிட்ட சொல்லும். போய்ச் சேர எத்தன பெட்டி தாவணுமோ அதாக்கும் தூரம்."

"நேர்ல போய்ப் பாக்காதா?"

"பாக்காது. கேட்டத நம்பும்."

இதில் புதிதாக என்ன இருக்கிறது? என் இளவயதில் இந்தப் பக்கம் முழுக்க நடந்தது இதுதானே? நெய்யாற்றின்கரையில் ஏறுகிற கண்டக்டரிடம் ஒரு சேதி சொல்லிவிடுவோம். அவர் ஆரியங்கோட்டு டீக்கடையில் சொல்வார். டீக்கடைக்காரர் ரப்பர் ஷீட் ஏற்ற வருகிற லாரிக்காரனிடம் சொல்வார். லாரிக்காரனுக்கு யார் சொன்னது, எதற்குச் சொன்னது ஒன்றும் தெரியாது. அடுத்த ஆளைத் தெரியும், அவ்வளவுதான்.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல், இரண்டு நாள் வேலைக்கு வரமாட்டேன் என்று கள்ளிக்காட்டுக்கு இப்படித்தான் சொல்லிவிட்டேன். அங்கே போய்ச் சேர்ந்தபோது நான் செத்துப்போயிருந்தேன். என் கூட்டாளி செல்லப்பன், பால் வடிக்கிற வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, ரப்பர் பால் நாற்றத்தோடு ஓடி வந்தான். நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

"எலே, செத்தவன் ஊறுகாய் தொட்டு நக்குகானா?" என்றான். அழுதுகொண்டே திட்டுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் செல்லப்பன்தான் கள்ளிக்காட்டுக்குக் கம்பி இழுத்தபோது என்னோடு நின்றவன். அணைத் தண்ணீர் தெரிகிற மேட்டில் அவன் வீடு. ஆஞ்சிலி மரத்தில் ஏறிக் கம்பி கட்டுவான், கீழே நின்று நான் பயப்படுவேன். கடைசிப் பெட்டியை எங்கே வைப்பது என்று யோசித்தபோது, "எனக்க முன்முறியில வையிலே, கரண்டும் எனக்க வீட்டுலேந்து எடு" என்றான். அவன் வீட்டு முன்னறைச் சுவரில், சாமி படத்துக்குக் கீழே, அந்தப் பெட்டி பச்சை விளக்கோடு மினுங்கிக்கொண்டிருக்கும். அவன் பெண்சாதி சாயங்காலம் சாமிக்கு ஊதுபத்தி காட்டும்போது அதற்கும் ஒரு சுற்றுக் காட்டுவாள்.

அவள் கண்ணை மூடிய பிறகு இரண்டு மகன்மாரும் அப்பனைத் தனியே விட மாட்டோம் என்றார்கள். மூத்தவன் ராஜன் ஆரியங்கோட்டில், இளையவன் குமார் பாறசாலையில். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே என்று ஏற்பாடு. மெயின் சுவிட்சை அணைத்து வீட்டைப் பூட்டினார்கள். பெட்டியும் அணைந்தது. அந்தப் பக்கமிருந்த நாலைந்து வீட்டுக்காரர்கள் வேறு லைன் வாங்கிக்கொண்டார்கள். பெட்டியை ஒருநாள் போய்க் கழற்ற வேண்டும் என்று நினைத்து, நினைத்தே காலம் போயிற்று.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஷீபா கட்டளைகளைத் தட்டினாள். இந்தப் பெட்டி பேசலாம், இந்தப் பக்கமாகப் பேசலாம், இன்ன இன்ன ஊரைப் பற்றிப் பேசலாம் — அவ்வளவுதான் விஷயம். தட்டி முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீனில் ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பாறசாலை, தூரம் ஒன்று. ஆரியங்கோடு, தூரம் ஒன்று.

பிறகு, கள்ளிக்காடு. தூரம் இரண்டு.

"அண்ணாச்சி, கள்ளிக்காட்டுப் பெட்டி ஓடுதா?"

"அது பூட்டுன வீடு பிள்ளே."

"ஓடுது. ஆரியங்கோட்டுப் பெட்டி சொல்லுது, அவனுக்க பக்கத்துல உண்டாம்."

இந்தப் பேச்சு ஏற்பாட்டை அவள் முதன்முதலில் சோதனை போட்டுப் பார்த்தது அந்தக் கடைசிப் பெட்டியில்தான், வீடு பூட்டுவதற்கு முன்னே. கரண்ட் வந்தால் அது தானாகப் பேச ஆரம்பித்துவிடும். கேட்க ஆள் இல்லாமல் எத்தனை நாளாகத் தனியே பேசிக்கொண்டிருந்ததோ... இன்றைக்குத்தான் ஆரியங்கோட்டுக்குக் காது வைத்தோம்.

வயதான மனம் இருக்கிறதே, பயப்படுவதற்கு முன் ஒரு சமாதானத்தைத் தேடிவிடும். மகன்மாரில் யாராவது வீட்டைத் திறந்து வெள்ளையடிக்கிறார்களாக இருக்கும் என்றேன். டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மழை பிடித்திருந்தது. பகல்தான், ஆனால் ஆபீசில் விளக்குப் போட்டிருந்தார்கள். ஷீபா ஸ்கிரீனுக்கு மிகப் பக்கத்தில் முகத்தை வைத்திருந்தாள்.

"கள்ளிக்காடு போச்சு அண்ணாச்சி. கரண்ட் போயிருக்கும்."

"போனா போட்டு."

"போகல்ல. அதாக்கும் சங்கதி. இங்க பாருங்க."

பார்த்தேன். கள்ளிக்காடு, தூரம் நான்கு என்று இருந்தது. காலையில் இரண்டு அல்லவா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறாயிற்று. ஒரு வீடு மேட்டிலிருந்து எழுந்து நடந்து போகுமா?

"எட்டு" என்றாள் ஷீபா.

"எங்க பிள்ளே போவுது அது?"

"எங்கயும் போகல்ல. செத்துப் போச்சு. ஆனா செத்தது இவியளுக்குத் தெரியாது." அவள் விரலால் ஸ்கிரீனைத் தொட்டுச் சொன்னாள். "ஆரியங்கோட்டுக்குக் கள்ளிக்காடு இல்லாமப் போச்சு. அப்பம் பாத்து நம்ம அமரவிளைப் பெட்டி சொல்லுது, எனக்குக் கள்ளிக்காடு தெரியும், தூரம் ரெண்டுன்னு. அது அறிஞ்சதே ஆரியங்கோடு சொல்லித்தான். ஆனா ஆரியங்கோடு அத யோசிக்காது. ஓ, இவன் வழியா போகலாம் போலன்னு ஒண்ணு கூட்டி மூணுன்னு எழுதிச்சு. அதத் திருப்பி நம்மகிட்ட சொல்லிச்சு. நாம நாலுன்னு எழுதினோம். இவன் அவனக் காட்டுவான், அவன் இவனக் காட்டுவான்..."

"இதுக்கு முடிவே இல்லியா?"

"பதினாறு. பதினாறுன்னா போய்ச் சேர முடியாத எடம்னு அர்த்தம். அதோட விட்டிரும்."

நம் பக்கத்தில் ஒருவர் போனால் பதினாறாம் நாள்தான் அடியந்திரம் என்கிற காரியம். அதுவரைக்கும் ஆள் வீட்டைச் சுற்றித்தான் நிற்கும் என்பார்கள். அதை நான் சொன்னேன். ஷீபா சிரிக்கவில்லை.

"எங்க கூட்டத்துக்கு நாப்பத்தொண்ணாம் நாளாக்கும்" என்றாள். "எங்க ஆளு இத உண்டாக்கியிருந்தா இன்னும் கொஞ்சம் நேரம் நடந்திருக்கும்."

இந்தக் கூத்து நடக்காமலிருக்க ஒரு விதி உண்டாம். யாரிடமிருந்து ஒரு வழியைக் கேட்டாயோ, அவரிடமே அந்த வழியைத் திருப்பிச் சொல்லாதே. எவ்வளவு நல்ல விதி! காலையில் அதை ஷீபாதான் எடுத்துவிட்டிருந்தாள். ஆபீசிலிருந்து அந்த இரண்டு ஊருக்கும் கம்பி இல்லை; எங்கள் டவரில் இருக்கிற ஒரே ரேடியோவில்தான் பாறசாலையும் ஆரியங்கோடும் பேசுகின்றன. விதி இருந்தால் ஒருவன் சொன்னதை மற்றவனுக்கும் சொல்ல முடியவில்லை என்று, இப்போதைக்கு இருக்கட்டும் என எடுத்தது.

பதினான்கு. பிறகு பதினாறு. பிறகு அந்த வரியே காணாமல் போயிற்று.

"அண்ணாச்சி" என்றாள் ஷீபா. "மெயின் சுவிட்ச அணச்சுப் பூட்டினதுன்னு சொன்னியள். பின்ன அத போட்டது யாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவி மூன்று பேரிடம்தான் உண்டு. இரண்டு மகன்மார், செல்லப்பன்.

மூத்தவன் ராஜனுக்குப் போன் போட்டேன். வீட்டைத் திறந்தாயா என்று கேட்டதற்கு, அந்தப் பக்கமே போகவில்லை என்றான்.

"அப்பா எங்க மக்கா?"

"பாறசாலையில, தம்பிக்க வீட்டுல. இந்த மாசம் அவனுக்க முறையாக்கும். நான்தான் பஸ்சு ஏத்தி விட்டேன். சுகமா இருக்காரு மாமா."

இளையவன் குமாருக்குப் போட்டேன்.

"அப்பா அண்ணனுக்க வீட்டுல மாமா. எனக்க முறைதான், ஆனா அண்ணன் அனுப்பல்ல. மழையில்லா, அங்கயே நிக்கட்டும்னு வச்சிருப்பான். சுகம்தான்."

"நீ அண்ணங்கிட்ட பேசினியா?"

"அவன்கிட்ட நான் பேசுகதில்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ரப்பர் தோட்டத்து எல்லைக்கல்லில் ஆரம்பித்த சண்டை.

"பின்ன சுகம்னு யாரு சொன்னா?"

"மீன்காரி சொன்னா."

ராஜனுக்கு மறுபடியும் போட்டேன். உனக்கு யார் சொன்னது? மீன்காரி.

ஷீபா என்னைப் பார்த்தாள். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன்.

மீன்காரி சிலுவம்மாள் ஸ்கூட்டரில் மீன் கொண்டுபோகிறவள். பாறசாலையிலும் விற்பாள், ஆரியங்கோட்டிலும் விற்பாள். எங்கள் ஆபீசுக்கும் நெத்திலி தருகிறவள்தான். அவளையும் பிடித்தேன்.

"ரெண்டு வீட்டுலயும் அப்பனுக்கு சுகமான்னு கேட்டேன். ரெண்டு பேரும் சுகம்னு சொன்னினும். நானும் அங்கயும் இங்கயும் சுகம்னு சொன்னேன்."

"நீ ஆளப் பாத்தியா?"

"நான் மீன் விக்கப் போறனா, அப்பன்மார எண்ணப் போறனா?"

அவள் மேல் என்ன குற்றம்? நம் ஊர் வழக்கம் அது. வீட்டுப் பெரியவருக்குச் சுகமா என்று யாராவது கேட்டால், சுகம் என்றுதான் சொல்ல வேண்டும். தெரியாது என்று சொன்னால் வீட்டுக்குக் குறைச்சல். அதுவும் மீன்காரியிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் நாலு ஊருக்குக் குறைச்சல். ஆகவே இந்த மருமகள் சுகம் என்றாள், அந்த மருமகள் சுகம் என்றாள். அந்தச் சுகத்தைக் கேட்டு இவன், ஓ அப்பா அங்கே இருக்கிறார் என்று நினைத்தான். இந்தச் சுகத்தைக் கேட்டு அவன் நினைத்தான், இங்கே இருக்கிறார் என்று. அப்பன் இரண்டு வீட்டிலும் சுகமாக இருந்தான். இரண்டு வீட்டிலும் இல்லை.

செல்லப்பனின் தங்கை மகன் மணியன் மார்த்தாண்டத்தில் இருக்கிறான். அவனுக்கும் ஒரு போன் போட்டேன்.

"மாமன் திருச்செந்தூர் போயிருக்காருன்னு கேட்டேன்."

"யாரு சொன்னா?"

"இங்க பேச்சு அப்படியாக்கும். விசாரிச்சுச் சொல்லுகேன்."

நேரம் போகப் போக ஆள் தூரமாகிக்கொண்டே போனான். மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது. இத்தனை பேரில் நேராகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான் — கள்ளிக்காட்டுச் சுவரில் இருக்கிற அந்தப் பெட்டி. நான் இங்கே இருக்கிறேன் என்று காலையில் சொன்னது. அதுவும் இப்போது பேச்சை நிறுத்திவிட்டது.

ஷீபா ஏற்கனவே ஆம்னி வேன் சாவியை எடுத்திருந்தாள்.

ஆரியங்கோடு தாண்டினால் சாலை இரண்டு பக்கமும் ரப்பர்தான். மழை பெய்யும்போது ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு சத்தம் கேட்கும், உங்களில் தோட்டக்காரர்களுக்குத் தெரியும். மழை நின்ற பிறகும் உள்ளே மழை பெய்துகொண்டிருக்கும். மேல் இலை வாங்கி வைத்ததைக் கீழ் இலைக்குச் சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டே போனோம். போகிற வழியில் ஒரு ஆஞ்சிலிக் கொப்பு முறிந்து கரண்ட் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் பூட்டு இல்லை. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கூப்பிட்டேன். பதிலில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், முன்னறைச் சுவரில் பெட்டி இருட்டாக நின்றது. அதற்கு மேலே சாமி படத்தில் பூ இருந்தது. காய்ந்துபோன பழைய பூ அல்ல, நேற்றைய செம்பருத்தி.

பூட்டிய வீட்டில் யார் பூ வைத்தது? வந்த காரியத்தை மறந்து, அவன் பெண்சாதி உள்ளேயிருந்து ஊதுபத்தியோடு வந்துவிடுவாள் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷீபாதான் பின்பக்கம் ஓடினாள். அங்கிருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணாச்சி, வாங்க. ஆளு உண்டு. உயிரு உண்டு."

அடுக்களைத் தரையில் கிடந்தான். கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பைத் தூக்க முடியாமல் ஊர்ந்து ஊர்ந்து உள்ளே வந்திருக்கிறான். அது முந்தின நாள் காலையில். பக்கத்தில் ஒரு பானையில் தண்ணீர் இருந்ததால் பிழைத்தான். உடம்பு காய்ச்சலில் கொதித்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"யாருலே சொன்னா, நான் இங்க கெடக்கேன்னு?"

"யாரும் சொல்லல்ல."

"ஒங்க முன்முறியில உள்ள பெட்டி சொல்லிச்சு" என்றாள் ஷீபா.

அவன் அதை ஆச்சரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. "ராத்திரி முழுக்க மினுங்கிச்சு, இங்க கெடந்தா தெரியும்" என்றான். "துணையாட்டு இருந்திச்சு. காலையிலயும் இருந்திச்சு. பெறவு அதும் போச்சு. அப்பம்தான் பயந்தேன்."

அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு, ஒரு கதவுப் பலகையில் வைத்து ஆம்னியில் ஏற்றினோம். ஷீபா வண்டியை எடுத்தாள். நான் பின்னால் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எதுக்குலே இங்க வந்தே? பாறசாலைக்குத்தானே பஸ்சு ஏத்தினது?"

"நெய்யாற்றங்கரையில எறங்கி வேற பஸ்சு ஏறினேன். எனக்க வீட்டுக்கு வாறதுக்கு நான் யாருகிட்ட கேக்கணும்? ரெண்டு நாளு நின்னிட்டுப் போலாம்னு நெனச்சேன். யாராவது தேடுவினும், அப்பம் போலாம்னு இருந்தேன்." என் முகத்தைப் பார்த்தான். "தேடல்லியா?"

இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்தான். இரண்டு பேரும் விசாரித்தார்கள்தான். அவனைப் பற்றிக் கேட்காத ஆள் கிடையாது. போய்ப் பார்த்த ஆள்தான் கிடையாது.

அதைச் சொல்ல வாயெடுத்தபோது என் போன் அடித்தது. மார்த்தாண்டத்து மணியன். கை இரண்டும் செல்லப்பன் தலையைப் பிடித்திருந்ததால், பக்கத்தில் கிடந்த போனை முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, விசாரிச்சாச்சு. பயப்படாண்டாம். மாமன் திருச்செந்தூர்லேந்து ராமேஸ்வரம் போயாச்சு. பாத்தவிய உண்டு. நல்ல சுகமா இருக்காராம்."

வண்டி மேடும் குழியும் ஏறி இறங்கியது. என் மடியில் கிடந்தவன் கண்ணை மூடியபடியே, வேறு யாரையோ பற்றிக் கேட்கிற மாதிரி, போன் இருந்த பக்கமாகக் கேட்டான்.

"அங்க மழை உண்டுமா?"

மணியன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இல்ல இல்ல, நல்ல வெயிலாக்கும்."

செல்லப்பன் தலையை மெல்லத் திருப்பிக்கொண்டான் — வெயில் முகத்தில் படட்டும் என்பதுபோல.